பிரேக் வேனிலிருந்து எண்ணியவன்

மூன்று வருடத்துக்கு முன்பு வரை விழுப்புரம் ஜங்ஷனில் கூட்ஸ் வண்டி எது வந்து நின்றாலும், காதில் செருகிய பென்சிலை எடுத்துக்கொண்டு ஒருவன் அதன் ஓரமாக நடக்கத் தொடங்குவான். கையில் நீள நோட்டு. ஒவ்வொரு வேகனின் எண், அது எந்த ரயில்வேயைச் சேர்ந்தது, காலியா சரக்கா, எந்த ஊருக்குப் போகிறது, எல்லாம் நடந்தபடியே நோட்டில் ஏறிவிடும். ஐம்பது வேகன் என்றால் ஐம்பது வரி. முடித்து நோட்டை மூடிய பிறகு "பதினேழாவது வேகன் என்ன?" என்று கேட்டால் வானத்தைப் பார்த்துக்கொண்டு சொல்வான். அந்த வேலைக்கு நம்பர் டேக்கர் என்று பெயர். அந்த ஆளுக்கு அந்தோணிசாமி என்று பெயர். இன்று அவனை அங்கே அப்படிப் பார்க்க முடியாது. பார்க்க முடியாமல் போனதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. அது பெருமைப்படும்படியான பங்கு இல்லை.

வளவனூருக்குத் தெற்கே எங்கள் ஊரில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன் நான். என் அப்பா கையெழுத்துப் போடப் பழகியதே நான் ஆறாவது படிக்கும்போதுதான். கறுப்பு அங்கியோடு நான் எடுத்துக்கொண்ட போட்டோ எங்கள் வீட்டுக் கூடத்தில் சாமி படங்களுக்குச் சமமான உயரத்தில் மாட்டியிருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு நிமிரும். கூடவே சுருக்கென்று ஒன்று குத்தும். அதுதான் அந்தோணிசாமி.

அவனும் எங்கள் ஊர்தான். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் அவர்கள் தெரு. அவன் அம்மா சவுரியம்மாள் எங்கள் கழனியில் நடவு நட்டவர். அப்பா ரயில்வே கேங்மேன். பாண்டிச்சேரி லைனில் தண்டவாளம் பார்த்தவர். திண்டிவனத்தில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாகப் படித்தோம். அவன் பள்ளி விடுதியில், நான் அத்தை வீட்டில். ஐந்து வருடமும் கணக்கில் அவன் முதல், நான் இரண்டாவது. ஒருமுறையாவது தவறி விழுவான் என்று பார்த்தேன். விழவில்லை.

"இன்னா தேவநாதா, என்னைவிட ரெண்டு மார்க் கம்மியா வாங்கறேன்னு எங்கியாவது சத்தியம் பண்ணிக்கினு வந்துட்டியா?" என்று விடைத்தாள் கொடுக்கும் நாளில் கேட்பான். வகுப்பே சிரிக்கும். நானும் சிரிப்பேன். சாயங்காலம் அத்தை வீட்டில் சோறு இறங்காது.

1957 மார்ச்சில் பெரிய பரீட்சை. இங்கிலீஷும் தமிழும் எழுதினான். மூன்றாம் நாள் கணக்கு. அன்று காலையில் அவன் அப்பா காய்ச்சலில் இறந்துபோனதாகச் செய்தி வந்தது. ஜியாமெட்ரி பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டு ரயிலேறிப் போனவன் திரும்பி வரவே இல்லை. அந்த வருடம் பள்ளியிலேயே கணக்கில் நான் முதல். வராந்தாப் பலகையில் வெள்ளைப் பெயின்டில் என் பெயரை எழுதினார்கள். அது அவன் வராததால் காலியான இடம் என்று பலகையைப் பார்க்கிற யாருக்கும் தெரியாது, என்னைத் தவிர.

அப்பா வேலையை அவனுக்குக் கொடுத்தார்கள். இரண்டு வருடம் தண்டவாளத்தில் சம்மட்டி பிடித்தான். எழுத்தும் எண்ணும் சுத்தமாக இருப்பதைப் பார்த்து, பிறகு யார்டில் நம்பர் டேக்கர் ஆக்கினார்கள். நான் சென்னைக்குப் போனேன், எம்.எஸ்சி. முடித்தேன், ஆராய்ச்சியில் சேர்ந்தேன். தூரம் கூடக் கூடப் பொறாமை ஆறிவிடும் என்று நினைத்திருந்தேன்.

என் ஆராய்ச்சி இதுதான். நம் தசையிலும் ரத்தத்திலும் முட்டையிலும் இருக்கிற புரதம் ஒவ்வொன்றும் ஒரு நீளமான சங்கிலி. அதன் கண்ணிகளுக்கு அமினோ அமிலம் என்று பெயர். அவற்றில் இருபது வகை. எந்த வகைக்குப் பக்கத்தில் எந்த வகை என்ற வரிசையைச் சில புரதங்களுக்குக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஆனால் சங்கிலி நேராகக் கிடப்பதில்லை. சில இடங்களில் ஸ்பிரிங் மாதிரி சுருளும், சில இடங்களில் நீண்டு கிடக்கும். எங்கே சுருளும் என்று எக்ஸ்ரே படம் எடுத்துக் கண்டுபிடிக்க வருடக்கணக்கில் ஆகும். படமே எடுக்காமல், வெறும் வரிசையைப் பார்த்தே சொல்ல முடியுமா? அதுதான் கேள்வி. நான் போட்ட வழி, எந்த வகை சுருளில் அதிகம் வருகிறது என்று எண்ணி அதற்கு மதிப்பெண் போடுவது. மதிப்பெண் சேர்ந்த இடம் சுருள். முட்டை வெள்ளைக்கருவில் இருக்கிற ஒரு புரதத்தில் அதைப் போட்டுப் பார்த்தேன். உள்ள சுருள்களில் இரண்டுதான் மாட்டின.

மாதம் இரண்டு சனிக்கிழமை ஊருக்கு வருவேன். விழுப்புரத்தில் இறங்கி பாண்டிச்சேரி பாசஞ்சருக்கு ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். அந்தோணிசாமிக்குப் பகல் ஷிப்டாக இருந்தால் பொட்டலத்தில் வறுத்த மல்லாட்டையோடு, அதாவது வேர்க்கடலையோடு, பிளாட்பாரத்துக்கு வந்துவிடுவான்.

"வாங்க எம்மெஸ்ஸி சார்! இன்னா, இன்னும் கண்டுபுடிச்சிக்கினே கீறீங்களா?"

1966 ஆகஸ்டில் ஒருநாள், அந்தக் கேலி பொறுக்காமல் பையிலிருந்து இரண்டு சுருள் காகிதத்தை எடுத்தேன். நீளமாக ஒட்டிய தாளில் அமினோ அமிலங்களின் பெயர்கள், மும்மூன்று எழுத்தாக, வரிசையாக. ஒன்று திமிங்கிலத் தசைப் புரதம். அதில் சுருளும் இடங்களுக்குக் கீழே சிவப்புக் கோடு போட்டிருந்தது. மற்றது முட்டைப் புரதம்; அதில் கோடும் இல்லை, எண்ணும் இல்லை. பெஞ்சில் விரித்துக் காட்டினேன்.

"எத்தனை வேகன்டா இது?" என்றான்.

"முட்டையில நூத்தி இருபத்தொம்போது."

"யப்பா! எந்த இன்ஜின்டா இழுக்கும்?"

எனக்குக் கோபம் வந்தது. உலகத்தில் பெரிய பெரிய ஆட்கள் இதற்காக மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள் என்றேன். இருபது வகையில் சில தண்ணீருக்கு ஆகாதவை, எண்ணெய் மாதிரி. சில தண்ணீரோடு ஒட்டுபவை என்று விளக்கினேன். அவனுக்குப் புரிய வேண்டும் என்பதற்காகச் சொல்லவில்லை. புரியாமல் முழிக்க வேண்டும் என்பதற்காகச் சொன்னேன். அவன் முழிக்கவில்லை.

"எண்ணெய்க்காரன் எதெது, எழுதிக் குடு" என்றான். எழுதிக் கொடுத்தேன். "இந்த ரெண்டையும் நான் எடுத்துக்கினு போறேன். முட்டையில எங்க சுருளுதுன்னு தபால் கார்டு போடறேன். உனக்கு விடை தெரியும் இல்ல?"

"தெரியும். மெட்ராஸ்ல நோட்டுல இருக்கு."

"அப்ப பரீட்சைன்னு வச்சிக்கோ" என்று சிரித்தான். அவன் கண் அப்போது சிரிக்கவில்லை. ஒன்பது வருடத்துக்கு முன்பு ஜியாமெட்ரி பெட்டியை நீட்டியபோது பார்த்த கண் அது.

மூன்று வாரம் கழித்து சென்னையில் என் விடுதிக்குத் தபால் கார்டு வந்தது. ஐந்தே வரி. 16 முதல் 22. 31 முதல் 42. 68 முதல் 75. 96 முதல் 105. 115 முதல் 124. கீழே, 'சரியா தப்பா, உடனே எழுதவும்.'

நோட்டைத் திறந்தேன். சரியான விடை: 5 முதல் 15, 24 முதல் 36, 88 முதல் 99, 108 முதல் 115, இடையில் ஒரு சின்னச் சுருள். அவன் சொன்னது ஒன்றும் சரியாக உட்காரவில்லை. மூன்று இடத்தில் ஓரம் ஒட்டியது, அவ்வளவுதான். ஐந்து வருடம் நான் காத்திருந்த விடைத்தாள் கடைசியில் கைக்கு வந்துவிட்டது போலிருந்தது. அன்று மெஸ்ஸில் இரண்டாம் முறை சாம்பார் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

பதில் எழுதவில்லை. நேரில் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன். அடுத்து வந்தபோது அவனே ஓடி வந்தான். நான் வாய் திறப்பதற்குள் ஆரம்பித்துவிட்டான்.

"நீ எண்ணிப் பார்க்கிறேன்னு சொன்னியே, அது தப்புடா. எத்தனை இருக்குதுன்றது பேச்சில்ல. எத்தனைக்கு ஒண்ணு வருதுன்றதுதான் பேச்சு. பிரேக் புடிக்கிற வேகன் இருபது கீதுன்னா போதுமா? எல்லாம் ஒரே பக்கம் கூடி நின்னா வண்டி நிக்குமா? அந்தத் திமிங்கிலத்துல பாரு, சிவப்புக் கோடு போட்ட எடத்துல எல்லாம் எண்ணெய்க்காரன் மூணு தள்ளி வர்றான், நாலு தள்ளி வர்றான், திரும்ப மூணு. கோடு இல்லாத எடத்துல அந்த நடை இல்ல. முட்டையில அதே நடையைத் தேடினேன்..."

"எல்லாம் தப்பு" என்றேன்.

"எல்லாமா?"

"ஒண்ணுகூட சரியில்ல."

ஓரம் ஒட்டிய மூன்றைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. அவன் கையிலிருந்த மல்லாட்டையைத் தோலோடு திரும்பப் பொட்டலத்தில் போட்டான். "நாலு தபா எண்ணுனேன்டா" என்றான் மெதுவாக. "சரி வுடு. அந்தக் கணக்குப் பரீட்சை எழுதாததே நல்லதாப் போச்சு."

பாசஞ்சர் வந்தது. ஏறி உட்கார்ந்தேன். வளவனூர் வரும்வரை ஜன்னலில் காற்று நன்றாக வீசியது.

அடுத்த முறை அவன் பிளாட்பாரத்துக்கு வரவில்லை. அதற்கடுத்த முறையும் வரவில்லை. அக்டோபர் இருபத்திரண்டு, சனிக்கிழமை, ரயில்வே குடியிருப்பில் அவன் வீட்டைத் தேடிப் போனேன். அக்கறை என்று சொல்லலாம். தோற்ற முகத்தை இன்னொரு தடவை பார்க்கும் ஆசை என்றும் சொல்லலாம். அவன் டூட்டிக்குப் போயிருந்தான். சவுரியம்மாள் வாசலிலேயே என்னைப் பார்த்துவிட்டு, தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு, "வாங்க தம்பி, வாங்க" என்று உள்ளே போய் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். எங்கள் வீட்டில் எல்லாரும் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அன்று அவர் போட்ட ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு எப்படிக் கூப்பிடுவது என்று எனக்கு விளங்கவில்லை. கூப்பிடாமலே பேசினேன்.

"நீங்கதான் தம்பி சொல்லணும் அவனுக்கு. கூட்ஸ் வண்டியில கார்டு வேலைக்குப் பரீட்சை வெச்சிருக்காங்களாம். பாரம் வாங்கிக்கினு வந்தான், அப்படியே போட்டு வெச்சிருக்கான். எழுதுடான்னா, கணக்குதான் நெறைய கேப்பாங்க, நமக்கு கணக்கு வராதும்மான்றான். இவனுக்கா வராது? யாரு சொன்னாங்களோ, பேஜாரு புடிச்சவங்க!"

அலமாரித் தட்டிலிருந்து எடுத்து நீட்டினார். கூட்ஸ் கார்டு வேலைக்கான இலாகா பரீட்சை விண்ணப்பம். பெயர்கூட எழுதவில்லை. கடைசி நாள் அக்டோபர் 31, மாலை ஐந்து மணி. அந்தப் பாரத்துக்குள் மடித்து வைத்திருந்தது என்னுடைய முட்டைக் காகிதம்.

பிரித்துப் பார்த்தேன். எண்ணெய் வகைகளைச் சுற்றிப் பென்சிலில் சின்னச் சின்ன வட்டம். ஐந்து இடத்தில் அடிக்கோடு. ஒவ்வொரு கண்ணியின் தலையிலும் பொடி எழுத்தில் எண். அந்த எண்கள் இடமிருந்து வலமாகப் போகவில்லை. வலது கோடியில் ஒன்று என்று ஆரம்பித்து, இடது கோடியில் நூற்றி இருபத்தொன்பதில் முடிந்தன.

முதலில் எனக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது. கூட்ஸ் வண்டி வந்து நின்றதும் அவன் கார்டிடம்தான் முதலில் போவான். சரக்குக் காகிதங்கள் கார்டு கையில்தான் இருக்கும். கார்டு உட்கார்ந்து வருவது வண்டியின் வாலில், பிரேக் வேனில். அங்கே காகிதத்தை வாங்கிக்கொண்டு அங்கிருந்தே எண்ணத் தொடங்கி இன்ஜினில் போய் முடிப்பான். ஏழு வருடமாகத் தினமும் அப்படித்தான். என் புரதத்துக்குத் தலை எது வால் எது என்று நான் சொல்லவில்லை. எங்கள் துறையில் எல்லாரும் இடது பக்கத்திலிருந்து எண்ணுவோம் என்பதால் சொல்லத் தோன்றவே இல்லை. அவன் தன் வழக்கப்படி வாலிலிருந்து எண்ணிவிட்டான்.

இரண்டு பக்கத்து எண்ணும் சேர்ந்தால் நூற்றி முப்பது; அதிலிருந்து அவன் எண்களை ஒவ்வொன்றாகக் கழித்தேன். அவனுடைய 16 முதல் 22 என்பது 108 முதல் 114. 31 முதல் 42 என்பது 88 முதல் 99, அச்சு அசல். 96 முதல் 105 என்பது 25 முதல் 34. 115 முதல் 124 என்பது 6 முதல் 15. நடுவில் உள்ள ஒன்றுதான் பிசகு. ஐந்தில் நான்கு சரி. மூன்று, நாலு என்கிற நடை எந்தப் பக்கமிருந்து எண்ணினாலும் மாறாது. சென்னைப் பல்கலைக்கழகத்து எம்.எஸ்சி. மூன்று வருடம் மண்டையை உடைத்து இரண்டு பிடித்தான். எஸ்.எஸ்.எல்.சி. பாதியில் விட்டவன் மூன்று வாரத்தில், டூட்டிக்கு நடுவில், நான்கு பிடித்துவிட்டான்.

சவுரியம்மாள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னா தம்பி, தப்பாப் போட்டு வெச்சிருக்கானா?"

காகிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்து, பாரத்துக்குள் வைத்து, திரும்பக் கொடுத்தேன். "சொல்றேன்" என்றேன். யாரிடம் என்ன சொல்கிறேன் என்று சொல்லவில்லை.

ஒன்பது நாள் இருந்தது. சென்னைக்குத் திரும்பிப் போனேன். ஒரு தபால் கார்டு போதும். பெட்டியில் மூன்று இருந்தன. எடுப்பேன், வைப்பேன். சொன்னால் பலகையில் உள்ள பெயர் போய்விடும் என்று ஒரு பைத்தியக்கார நினைப்பு. அது திண்டிவனத்துச் சுவரில் இருக்கிறது, யாரும் அழிக்கப் போவதில்லை. ஆனாலும் போய்விடும். ஆராய்ச்சிக் கூடத்தில் உட்கார்ந்து அவனுடைய மூன்று, நாலு நடையை ரத்தப் புரதத்தில் போட்டுப் பார்த்தேன், எங்கேயாவது இடறாதா என்று. அங்கேயும் பாதிக்கு மேல் நின்றது. ஏன் நிற்கிறது என்பதும் தெரிந்துபோயிற்று. சுருள் ஒரு சுற்றுச் சுற்ற மூன்றரைக் கண்ணிக்குச் சற்று மேல் ஆகும். அப்படியானால் மூன்று, நாலு தள்ளி வருகிற எண்ணெய் வகையெல்லாம் ஒரே பக்கமாகத் திரும்பி நிற்கும், தண்ணீர் படாமல் உள்பக்கம் ஒளிந்துகொள்ளும். எவ்வளவு எளிது! எனக்கு ஏன் தோன்றவில்லை?

என் மேசைக்கு அடுத்த மேசை சீனுவாசன். எனக்கு மூன்று வருடம் சீனியர். ஞாயிற்றுக்கிழமை மதியம் என் தாளை எட்டிப் பார்த்துவிட்டு, "என்னய்யா, நீரும் இதுக்கு வந்துட்டீரா? வெளிநாட்டுல போன வருஷமே இதைப் பார்த்துச் சொல்லிட்டாங்களே. கப்பல்ல வந்த பத்திரிகைக் கட்டு நூல்நிலையத்துல கிடக்கு, போய்ப் பாரும்" என்றார்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். இருந்தது.

அப்போது எனக்கு வந்தது ஏமாற்றம் இல்லை, நிம்மதி. அந்தோணிசாமி முதல் ஆள் இல்லை. யாரோ வெள்ளைக்காரன் அவனை முந்திவிட்டான். வெள்ளைக்காரனுக்கு இரண்டாவதாக இருப்பதில் எனக்கு வருத்தம் இல்லை, மூன்றாவதாக இருப்பதில்கூட இல்லை. அந்த நிம்மதி மனசுக்குள் இறங்கிய பிறகுதான் அவனிடம் போய்ச் சொல்லலாம் என்ற தைரியம் வந்தது. இதைவிடக் கேவலமான காரணத்துக்காக யாரும் ஒரு நல்ல காரியம் செய்திருக்க மாட்டார்கள்.

மறுநாள் திங்கள்கிழமை. முப்பத்தொன்று. நான் பிடித்த வண்டி திண்டிவனத்திலேயே ஒரு மணி நேரம் நின்றுவிட்டது. விழுப்புரத்தில் இறங்கும்போது மணி நாலு. நேராகக் குடியிருப்புக்கு ஓடினேன். "அம்மா, அந்தப் பாரத்தைக் குடுங்க, ஜல்தி!" என்றேன். அம்மா என்று தானாக வந்துவிட்டது. சவுரியம்மாள் உடனே எடுத்துக் கொடுத்தார்.

யார்டில் அப்போதுதான் ஒரு கூட்ஸ் வந்து நின்றிருந்தது. அந்தோணிசாமி பிரேக் வேன் பக்கத்தில் கார்டிடம் காகிதம் வாங்கிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்தான். தலையை மட்டும் ஆட்டிவிட்டு நடக்கத் தொடங்கினான். நானும் கூடவே ஜல்லியில் தடுக்கித் தடுக்கி நடந்தேன்.

"அந்தோணி, நீ போட்டது சரிடா. அஞ்சுல நாலு சரி. நீ வாலிலிருந்து எண்ணிட்ட. நாங்க தலையிலிருந்து எண்ணுவோம். அதான் வித்தியாசம்."

அவன் பென்சில் நிற்கவில்லை. ஒரு வேகன், இரண்டு வேகன், மூன்று வேகன் எழுதினான்.

"தலை எதுன்னு நீ சொல்லலியே" என்றான்.

"சொல்லல."

"காயிதம் வால்ல தானேடா குடுப்பாங்க? அங்கேர்ந்துதானே எண்ணுவாங்க?" நாலாவது வேகன், ஐந்தாவது. "எப்ப தெரிஞ்சது உனக்கு?"

பொய் சொல்ல நாக்கு வரை வந்தது. "ஒம்போது நாளா தெரியும்" என்றேன்.

அப்போது பென்சில் நின்றது. அந்த ஏழு வருடத்தில் அவன் ஒரு வண்டியின் நடுவில் நின்றது அன்றுதான் என்று நினைக்கிறேன். என்னைத் திரும்பிப் பார்த்தான். அடிப்பான் என்றே நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"வயிறு எரிஞ்சிதா?"

"எரிஞ்சிது."

"ஸ்கூல்லயும் எரியும் உனக்கு. காது செவந்து போவும். நான் பார்த்துக்கினுதான் இருப்பேன்." மறுபடி நடந்தான். இன்ஜின் வரும்வரை ஒவ்வொரு வேகனாக எழுதிக்கொண்டே போனான். கடைசி வேகனை எழுதி, கோடு போட்டு, மொத்தம் எழுதினான். பிறகு கையை நீட்டினான். "குடு. பாரம் கொண்டாந்திருக்கே இல்ல? பாக்கெட்டுல துருத்திக்கினு கீது."

மணி ஐந்தாகப் பதினைந்து நிமிடம். விண்ணப்பம் வாங்குகிற ஜன்னலில் குமாஸ்தா மேசையைப் பூட்ட ஆரம்பித்திருந்தார். வெளியே வைத்து எழுத ஒரு பெஞ்சுகூட இல்லை, சுவரெல்லாம் கரடுமுரடு.

"பேனா?" என்றான். கொடுத்தேன்.

"குனிடா" என்றான்.

பட்டமளிப்புப் போட்டோவில் நிமிர்ந்து நிற்கிற முதுகு அது. விழுப்புரம் ஜங்ஷனில், நாலு போர்ட்டரும் ஒரு டீக்காரரும் பார்க்க, முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். அவன் பாரத்தை என் முதுகில் விரித்து, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினான். "பேர்... அப்பா பேர்... பிறந்த தேதி... படிப்பு... இதுக்கு இன்னா எழுதட்டும்? எஸ்.எஸ்.எல்.சி., கணக்குலேர்ந்து எழுதல." கொஞ்சம் நிறுத்தினான். "எழுதாததுக்குக் காரணம் கேக்கல. வுட்டுட்டேன்."

டீக்காரர் கேட்டார். "யாருப்பா இது, மேசை?"

"எம்மெஸ்ஸி" என்றான் அந்தோணிசாமி. "ஆடாதடா, எழுத்து கோணுது."

ஆடாமல் நின்றேன். இப்போது அவன் கூட்ஸ் கார்டு. கொடியைக் கையில் வைத்துக்கொண்டு பிரேக் வேனில் போகிறான். அந்தப் பரீட்சையில் கணக்கில் எத்தனை வாங்கினான் என்று நான் கேட்டதில்லை, கேட்டால் தாங்காது. அன்று அவன் எண்கள் எழுதும்போது, அது ஏழா ஒன்றா என்று சட்டையைத் தாண்டி முதுகுத் தோலிலேயே தெரிந்தது. அவ்வளவு சுத்தமான எழுத்து. குனிந்த நிலையிலும் அந்த எழுத்தின் மேல் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.